கத்தக் கூடாது என்று சட்டம் போட்ட குளம்

அல்லிக்குளத்தின் மேற்குக் கரையில் செம்பி என்றோர் ஆள்காட்டிக் குருவி குடியிருந்தது. கூடு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. கூழாங்கல் கிடக்கும் வெட்டவெளியில் காலால் நாலு தரம் சீய்த்துவிட்டால் அதுதான் ஆள்காட்டியின் வீடு. கூரை இல்லை, சுவர் இல்லை, மறைவுக்கு ஒரு புல்கூட இல்லை. இருந்ததெல்லாம் ஒரு குரல்தான்.

அந்தக் குரலைக் கேட்காதவர் குளத்தில் கிடையாது. மாடு வந்தால் செம்பி கத்தும். மனிதன் வந்தால் கத்தும். பருந்தின் நிழல் தரையில் ஓடினால் கத்தும். ஒன்றுமே வராமல் காய்ந்த இலை ஒன்று உருண்டால்கூட, "டிட்டிட்டீ! டிட்டிட்டீ!" என்று ஊரைக் கூட்டிவிடும்.

செம்பிக்கும் அதன் துணை மருதனுக்கும் நாலு குஞ்சுகள். பொரித்த அன்றே எழுந்து நடந்த குஞ்சுகள். கூழாங்கல் என்ன நிறமோ அதே நிறம். தாய் கத்தினால் போதும், எங்கே நிற்கின்றனவோ அங்கேயே தரையோடு தரையாகப் படுத்துவிடும். அப்புறம் கல் எது, குஞ்சு எது என்று பெற்ற தாய்க்கே தெரியாது. பிறந்ததிலிருந்து அவற்றுக்குத் தெரிந்த பாடம் அது ஒன்றுதான்.

குளத்துக்கு ஒரு சபை இருந்தது. அதற்குத் தலைவர் கூழைக்கடாப் பறவை. நல்ல மனசுதான். வாய் கொஞ்சம் பெரிசு, ஆசை அதைவிடப் பெரிசு. அல்லிக்குளத்தை நாலு குளத்தார் மெச்ச வேண்டும் என்பது அதன் ஆசை. எருமைகள் எந்தத் துறையில் இறங்க வேண்டும், குடிக்கிற இடத்தில் யாரும் சேற்றைக் கலக்கக் கூடாது, மீன்கள் குஞ்சு பொரிக்கும் மூலையில் யாரும் கால் வைக்கக் கூடாது என்றெல்லாம் சபை விதி போடும். எல்லாரும் கேட்டு நடப்பார்கள். குளமும் சுத்தமாகத்தான் இருந்தது.

ஒருநாள் காலையில் உடும்பு ஒன்று கூழைக்கடாவைத் தேடி வந்தது. பேச்சில் தேன் வடியும் உடும்பு அது.

"தலைவரே, சேதி தெரியுமா? பூநாரைக் கூட்டம் இந்த வருஷம் நம்ம பக்கமா வருதாம்!"

கூழைக்கடாவின் கண் விரிந்தது. "நிஜமாவா! நம்ம குளத்துல தங்குமா?"

"தங்க ஆசைதான். ஆனா இந்த இரைச்சல்ல யார் தங்குவா? அந்த ஆள்காட்டி ஒண்ணு போதுமே! இலை விழுந்தா கத்துறா, இறகு விழுந்தா கத்துறா. பெரிய இடத்து விருந்தாளிங்க, காதைப் பொத்திக்கிட்டு அடுத்த குளத்துக்குப் போயிடுவாங்க."

"அதுக்கு நான் என்ன பண்றது?"

"என்ன இப்படிக் கேட்டுட்டீங்க! நீங்க தலைவர். கத்தக் கூடாதுன்னு ஒரு சட்டம் போட்டா முடிஞ்சுது!"

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வளர்ந்த கூழைக்கடாவுக்குக் கத்தத் தெரியாது. தொண்டைக்குள் கரகரவென்று ஏதோ பேசும், அவ்வளவுதான். அதனால் கத்தலை நிறுத்தினால் யாருக்கு என்ன குறைந்துவிடும் என்று அதற்கு விளங்கவில்லை. உடும்புக்கு நன்றாக விளங்கியிருந்தது. ஆள்காட்டி கத்திக் கத்தி அது பட்டினியோடு திரும்பிய நாட்கள் கொஞ்சமா?

அன்றே சபை கூடியது.

"குளத்து எல்லைக்குள்ள யாரும் உரக்கக் கத்தக் கூடாது. கத்தினா குடும்பத்தோட எல்லையை விட்டு வெளியேறணும்!" என்று கூழைக்கடா அறிவித்தது.

மயில் தோகையைச் சிலிர்த்துக்கொண்டு எழுந்தது. "என் குரலும் இதுல சேருமா?"

"சேச்சே! உங்களோடது சங்கீதம் இல்லையா!" என்றது உடும்பு.

மயில் திருப்தியோடு உட்கார்ந்தது. தவளை தலையை நீட்டி, "மழைக்காலத்துல நாங்க பாடுவோமே?" என்று கேட்டது.

"மழை வரட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்!" என்றது உடும்பு.

தங்கள் தலைக்கு ஒன்றும் வரவில்லை என்றதும் எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். இறக்கை உள்ளவர்கள் இறக்கையைத் தூக்கினார்கள், வால் உள்ளவர்கள் வாலைத் தூக்கினார்கள். தூக்காதவர்கள் செம்பியும் மருதனும் மட்டும்தான். கூடியதே கூடினோம் என்று சபை இன்னொரு விதியையும் போட்டது: எருமைகள் நடக்கும் தடத்தில் யாரும் குடியிருக்கக் கூடாது. செம்பியின் வீடு அந்தத் தடத்தில்தான் இருந்தது.

செம்பி முன்னால் ஓடி வந்தது. "தலைவரே, தடம் கிடக்கட்டும்! எதிரி வந்தா என் பிள்ளைங்களுக்கு நான் எப்படிச் சொல்றது?"

கூழைக்கடா யோசித்தது. உடும்பு யோசிக்கவில்லை. "இறக்கையைத் தூக்கிக் காட்டேன்! அழகாவும் இருக்கும், அமைதியாவும் இருக்கும்!"

"அவங்களுக்கு அது புரியாதே!"

"பழக்கினா புரியும்மா. பிள்ளைங்கன்னா பழக்கணும்!"

செம்பி பழக்கிப் பார்த்தது. சட்டத்தை மீற அதற்குப் பயம். குஞ்சுகளுக்கு இன்னும் பறக்கத் தெரியாது. எல்லையை விட்டு வெளியேறு என்றால் அந்தப் பொடிக் கால்களோடு எங்கே போவது? வழியிலேயே ஒவ்வொன்றாகப் போய்விடும். அதனால் இறக்கையைத் தூக்கித் தூக்கிக் காட்டியது. குஞ்சுகள் அம்மா விளையாடுகிறாள் என்று நினைத்து, தங்கள் பொட்டு இறக்கையைத் தூக்கிக் காட்டின. மருதனுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

மூன்றாம் நாள் வெயில் ஏறும் வேளையில் உடும்பு வந்தது. வயிற்றைத் தரையோடு ஒட்டிக்கொண்டு, கல்லுக்குக் கல் நாக்கை நீட்டிக்கொண்டு வந்தது. செம்பி பார்த்துவிட்டது. தொண்டை வரை வந்த குரலை விழுங்கிக்கொண்டு இறக்கையைத் தூக்கியது. இன்னொரு தரம் தூக்கியது. மூன்று குஞ்சுகள் அதன் பக்கத்தில் இருந்தன. நான்காவது ஒரு பூச்சியின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. அது திரும்பியே பார்க்கவில்லை.

அப்புறம் செம்பி கத்தியது. கத்தி என்ன பயன்? நாலு மூன்றாகிவிட்டது.

அந்தத் துக்கத்தை எழுதி என்ன ஆகப்போகிறது! பெற்றவர்களுக்குத் தெரியும். செம்பி அந்தப் பூச்சி ஓடிய இடத்தையே சுற்றிச் சுற்றி நடந்தது. மருதனும் கூடவே நடந்தது.

சாயங்காலம் கூழைக்கடா வந்தது. அதற்கும் முகம் வாடித்தான் இருந்தது. ஆனாலும் தலைவர் ஆயிற்றே! "வருத்தமாத்தான் இருக்கு, செம்பி. ஆனா நீ கத்திட்டே. சட்டம்னா சட்டம். அமாவாசைக்குள்ள நீங்க எல்லையைத் தாண்டிடணும்" என்றது.

செம்பிக்குக் கோபம் பொங்கியது. "உடும்பு என் பிள்ளையைத் தின்னுச்சு. அதுக்குப் பசி, அது தேடும். அது அதோட பிழைப்பு, நான் தப்புச் சொல்லல. ஆனா என் வாயைக் கட்டிப் போட்டுட்டு அதைத் தேட விட்டது யாரு? நான் மலைக்குப் போறேன்!"

அல்லிக்குளமும் சுற்றியுள்ள குளங்களும் தோப்புகளும் கரட்டுமலையைச் சேர்ந்தவை. குளத்துச் சபைக்கு மேலே மலைச் சபை. அதன் தலைவர் காட்டெருமை. குஞ்சுகளை மருதனிடம் விட்டுவிட்டு செம்பி மலைக்குப் பறந்தது. மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னது.

காட்டெருமை அசைபோட்டுக்கொண்டே கேட்டது. கேட்டு முடித்ததும் அதன் முகம் மலர்ந்தது.

"அட, அந்தச் சட்டமா! ரொம்ப நல்லாயிருக்குன்னு கேள்விப்பட்டேன். நேத்துதான் மலை முழுக்கவும் அதையே போட்டோம்!"

ஒரு குளத்தில் இருந்த பூட்டு இப்போது மலைக்கே வந்துவிட்டதே! இனி எல்லையைத் தாண்டினாலும் போக இடமில்லை.

திரும்பும் வழியில் ஆற்றில் இறங்கித் தண்ணீர் குடித்தது. கால் நனைந்ததும், வழக்கமாகச் சொல்லும் வார்த்தைகள் தானாக வாயில் வந்தன.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. வருஷா வருஷம் ஆற்றில் புதுவெள்ளம் வரும் நாளில், யானையிலிருந்து எலிவரை எல்லாரும் காலை நனைத்துக்கொண்டு நின்று, ஆற்றுவாக்கைச் சொல்வார்கள். முன்னொரு காலத்தில் காட்டில் தீப் பிடித்தது. முதலில் பார்த்தது ஒரு சின்னக் குருவி. புலி தூங்குகிற இடம், சத்தம் போட்டால் தண்டனை என்று அது வாயை மூடிக்கொண்டது. பாதிக் காடு சாம்பல் ஆனது. மிச்சமிருந்தவர்கள் இரண்டு கரையும் எரிய, நடு ஆற்றில் கழுத்தளவு தண்ணீரில் நின்றபடி ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டதுதான் அந்த வாக்கு:

"பசித்தவர் தேடலாம். பயந்தவர் கத்தலாம். ஓடுகிறவருக்கு வழி விட வேண்டும். இதைக் குளமும் மாற்றாது, மலையும் மாற்றாது."

வருஷா வருஷம் சொல்லிச் சொல்லி எல்லாருக்கும் அது மனப்பாடம். மனப்பாடம் ஆகிவிட்டதால் யாரும் அதைக் காதில் வாங்குவதில்லை. வெள்ளத்தில் வரும் மீன்மேல் ஒரு கண் வைத்துக்கொண்டு, வாய் மட்டும் சொல்லும். கூழைக்கடா சொல்லியிருக்கிறது. காட்டெருமை சொல்லியிருக்கிறது. செம்பியும் அப்படித்தான் சொல்லியிருக்கிறது. அன்றைக்குத்தான் அது தன் வாய் சொல்வதைத் தானே கேட்டது.

"பயந்தவர் கத்தலாம்!" என்று இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தது. பிறகு நேரே மலைக்கு அப்பால் இருந்த வடக்குக் காட்டுக்குப் பறந்து, "என் வழக்கைக் கேட்கறவங்க வேணும்!" என்று முறையிட்டது.

வாக்கைப் பற்றி வழக்கு வந்தால் மூன்று பேர் உட்கார்ந்து கேட்க வேண்டும். அவர்கள் அந்தக் குளத்துத் தண்ணீரைக் குடிப்பவர்களாக இருக்கக் கூடாது, அந்த மலையில் மேய்பவர்களாகவும் இருக்கக் கூடாது. அதோடு, பேசுகிறவர்களுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். பேசுவது பெரியவரா சின்னவரா, கொம்பு இருக்கிறதா இல்லையா என்று பார்த்துப் பயந்துவிடக் கூடாதல்லவா!

இந்தத் தடவை கேட்க வந்தவர்கள் ஒரு முள்ளம்பன்றி, ஓட்டைச் சுமந்த ஒரு கட்டாமை, ஒரு முயல். ஆற்றுமணலில் பனைமரங்களின் நிழலில் மூவரும் முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். முள்ளம்பன்றி நடுவில். அதன் முதுகு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. முன்வரிசையில் நின்ற காட்டெருமையே இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டது.

சபைகளுக்காகப் பேச உடும்பு வந்திருந்தது.

"சொல்லுங்க!" என்றது முள்ளம்பன்றி, எதிரே இருந்த புதரைப் பார்த்தபடி.

"அம்மா, இது ரொம்ப லேசான விஷயம். சபை கூடினது. எல்லாரும் ஒப்புக்கிட்டாங்க. ரெண்டு பேர் தவிர ஒரு வால் பாக்கியில்ல! ஊரே சேர்ந்து போட்ட சட்டத்தை ஒரு குருவி எப்படி வேணாம்னு சொல்லலாம்?"

"ஊர் சேர்ந்து செம்பியோட கால் ரெண்டையும் வெட்டலாம்னு வால் தூக்கினா?"

"சேச்சே! அது எப்படி முடியும்!"

"ஏன் முடியாது? எல்லாரும் தூக்கினாங்களே!"

உடும்பு நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டது. ஆனால் பிடித்தால் விடாத சாதி அல்லவா! வேறு பக்கமாக வந்தது.

"நாங்க ஒரேயடியாக் கத்தக் கூடாதுன்னு சொல்லலையே! எல்லைக்கு வெளிய போய்க் கத்திக்கலாம்னுதான் முதல்ல சொன்னோம்."

"என் பிள்ளைங்க கரையில நிக்கும்! நான் எல்லைக்கு வெளிய பறந்து போய்க் கத்திட்டு வரணுமா? அதுவரைக்கும் நீ வாயைத் திறக்காம காத்திருப்பியா?" என்று செம்பி கேட்டது.

முயல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. முதுகைக் காட்டிக்கொண்டிருந்தாலும் காது ஆடியது தெரிந்தது.

"குளத்துல சத்தத்துக்கு விதி போடவே கூடாதுங்கிறீங்களா?" என்றது கூழைக்கடா, வருத்தத்தோடு.

"போடலாமே!" என்றது கட்டாமை. "விடியறதுக்கு முன்னாடி யாரும் பாட்டுப் பாடாதேன்னு சொல்லுங்க. மயிலுக்கும் சேர்த்துச் சொல்லுங்க. பக்கத்து வீட்டுக்காரன் தூங்கற நேரத்துல சண்டை போடாதேன்னு சொல்லுங்க. அதெல்லாம் உங்க வேலை."

உடும்புக்கு அங்கேதான் பிடி கிடைத்தது.

"அப்படிச் சொல்லுங்க! இவ கத்தறதும் அந்த மாதிரிதான், ஐயா! பயந்தவர் கத்தலாம்னுதான் வாக்கு. இவ பயந்தா கத்தறா? மாடு வந்தா கத்தறா. இலை உருண்டா கத்தறா. பத்துல ஒன்பது வெறும் கத்தல்! வேணும்னா அவளையே கேளுங்க!"

எல்லாரும் செம்பியைப் பார்த்தார்கள். இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் குளமே சாட்சிக்கு நிற்கிறதே!

"ஆமா" என்றது மெதுவாக. "இலைன்னு தெரியறதுக்குள்ள கத்திடறேன். தெரிஞ்சதுக்கு அப்புறம் வெட்கமா இருக்கும். ஆனா தெரியற வரைக்கும் காத்திருந்தா…" அதற்கு மேல் அதனால் சொல்ல முடியவில்லை. நான்காவது குஞ்சு ஞாபகம் வந்துவிட்டது.

உடும்பு வெற்றியோடு வாலை ஆட்டியது. "கேட்டீங்களா? அவளே ஒத்துக்கிட்டா! இனி என்ன…"

சடசடவென்று மேலே ஏதோ முறிந்தது. பெரிதாக ஒன்று காற்றைக் கிழித்துக்கொண்டு வந்தது.

"டிட்டிட்டீ! டிட்டிட்டீ!" என்று செம்பி அலறியது.

அவ்வளவுதான்! காட்டெருமை மணலை வாரி இறைத்துக்கொண்டு ஆற்றைத் தாண்டியது. கூழைக்கடா விழுந்தடித்துப் பறந்து ஒரு புதரில் சிக்கிக்கொண்டது. கட்டாமை ஓட்டுக்குள் போய்விட்டது. முயல் இருந்த இடம் தெரியவில்லை. முள்ளம்பன்றி இருந்த இடத்திலேயே சுருண்டு உருண்டையாகிவிட்டது.

தொப்பென்று மணலில் விழுந்தது ஒரு காய்ந்த பனைமட்டை.

பிறகு ஒவ்வொருவராகத் தலையை நீட்டினார்கள். கடைசியாக வந்தது உடும்பு. ஆற்றங்கரைப் பொந்து ஒன்றுக்குள் வால்வரை புகுந்திருந்ததால், வெளியே வர அதற்கு நேரம் பிடித்தது. வந்ததும் மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு கூவியது.

"பார்த்தீங்களா! வெறும் மட்டை! இதுக்கா இந்தக் கூப்பாடு? இதுவும் ஒரு குற்றம், சேர்த்துக்குங்க!"

முள்ளம்பன்றி முள்ளைத் தாழ்த்திக்கொண்டு, திரும்பாமலே கேட்டது. "வெறும் மட்டைதானே? அப்ப நீ ஏன் ஓடினே?"

"அது… பயந்துட்டேன்."

"மட்டைக்கா?"

"அப்ப மட்டைன்னு தெரியாதே!"

"ஓடறதுக்கு முன்னாடி சபையில கேட்டியா, இதுக்குப் பயப்படலாமான்னு?"

"அதுக்கு ஏது நேரம்!"

"அவளுக்கு மட்டும் இருக்குமா?"

உடும்பின் வாயில் அதற்கு மேல் தேன் வடியவில்லை. கேட்க வந்த மூவரும் தலையோடு தலை சேர்த்துப் பேசினார்கள். பிறகு முள்ளம்பன்றி தீர்ப்பைச் சொன்னது.

"பயம் சரியா தப்பான்னு முடிஞ்ச பிறகுதான் தெரியும். தெரியறதுக்கு முன்னாடியே கத்தறதுக்குத்தான் அந்த வாக்கு. தப்பாக் கத்தினவனுக்குத் தண்டனைன்னா, சரியாக் கத்த வேண்டியவனும் வாயை மூடிப்பான். முன்னாடி ஒரு தடவை மூடி, பாதிக் காடே எரிஞ்சுது. பயந்தவர் கத்தக் கூடாதுங்கிற சட்டம் குளத்துலயும் செல்லாது, மலையிலயும் செல்லாது!"

காட்டெருமை புஸ்ஸென்று மூச்சுவிட்டது. "மலைச் சபை பெரிசா, இங்க உட்கார்ந்திருக்கிற மூணு பேர் பெரிசா?"

"நாங்க பெரிசே இல்ல. நாளைக்கு நான் கிழங்கு தோண்டப் போயிடுவேன். வாக்குதான் பெரிசு. அதையும் நாங்க கொண்டு வரல. போன வெள்ளத்துல ஆத்துல நின்னு நீங்கதானே சொன்னீங்க, மலையும் மாத்தாதுன்னு!"

காட்டெருமை தலையைக் குனிந்துகொண்டது. சொன்னது உண்மைதான். சொல்லும்போது அது எதிர்க்கரைப் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தது, அதுவும் உண்மைதான்.

செம்பிக்குத் தைரியம் வந்துவிட்டது. "அம்மா, இன்னொண்ணு! எருமைத் தடத்துல குடியிருக்கக் கூடாதுன்னும் சொல்லிட்டாங்க. வருஷக்கணக்கா நாங்க அங்கதான் இருக்கோம். அதையும் செல்லாதுன்னு சொல்லிடுங்க!"

"மாட்டேன்!" என்றது முள்ளம்பன்றி.

"ஏன்?"

"யார் எந்த வழியில நடக்கறது, எங்க குடியிருக்கறதுன்னு பார்க்கறது குளத்துச் சபையோட வேலை. அதைப் பத்தி வாக்குல ஒண்ணும் இல்ல. உனக்குப் பிடிக்கலைன்னா சபையில போய்ப் பேசு. கேட்கலைன்னா அடுத்த தடவை வேற தலைவரைத் தேடு. எனக்குப் பிடிக்காத விதியை எல்லாம் நான் தூக்கிப் போட ஆரம்பிச்சா, அப்புறம் குளத்தை ஆளறது நான்தான், நீங்க இல்ல!"

செம்பிக்கு முகம் சுருங்கியது. என்றாலும் யோசித்துப் பார்த்தபோது நியாயம் என்றுதான் பட்டது. எருமைக் குளம்பை எத்தனை நாளைக்குக் கத்தியே திருப்புவது?

மறுநாள் காலையில் கூழைக்கடா சபையைக் கூட்டி, சட்டம் போன சேதியைச் சொன்னது. போட்டபோது இருந்த குரல் எடுக்கும்போது இல்லை. முதலில் கைதட்டியது தவளைதான். பூநாரைகள் வந்தனவா என்று கேட்பீர்கள். வந்தன. இரைச்சலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சேறு கொஞ்சம் ஆழம் என்றுதான் குறைப்பட்டுக்கொண்டன.

செம்பியும் மருதனும் குஞ்சுகளை எருமைத் தடத்திலிருந்து மேட்டுப் பக்கம் நடத்திக்கொண்டு போனார்கள். செம்பி திரும்பித் திரும்பிப் பார்த்தது. ஒன்று, இரண்டு, மூன்று. அதற்குமேல் எண்ண ஒன்றும் இல்லை. வழக்கில் வென்றாயிற்று. அந்த நான்காவதை எந்தத் தீர்ப்பு திருப்பித் தரும்?

மேட்டில் கால் வைத்ததும் புல் அசைந்தது. உடும்பு!

"டிட்டிட்டீ! டிட்டிட்டீ!"

மூன்று குஞ்சுகளும் படுத்துவிட்டன. உடும்பு வந்து நாக்கை நீட்டியது. இந்தப் பக்கம் போனது, அந்தப் பக்கம் போனது. ஒரு குஞ்சின்மேல் அதன் நிழலே விழுந்தது. குஞ்சு அசையவில்லை. செம்பியும் மருதனும் தலைக்குமேல் கத்திக்கொண்டே பறந்தார்கள். கடைசியில் உடும்பு சலித்துப்போய், "தேடறதுக்கு எனக்கும்தான் வாக்கு இருக்கு, ஆனா வயித்துக்கு ஒண்ணும் கிடைக்கலையே!" என்று முனகிக்கொண்டு வேறு பக்கம் போனது.

இதையெல்லாம் மரக்கிளையிலிருந்து கூழைக்கடா பார்த்துக்கொண்டிருந்தது. மெல்ல இறங்கி வந்து, செம்பிக்கு எதிரே நின்றது.

"செம்பி, அந்தச் சட்டம் போடறதுக்கு முன்னாடி உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். நீ சொன்னதைக் காதுல வாங்கியிருக்கணும். தப்புப் பண்ணிட்டேன்."

செம்பி குஞ்சுகளை இறக்கைக்குள் இழுத்துக்கொண்டது. கோபம் போய்விட்டிருந்தது. வலி போகவில்லை.

"என்னைக் கேட்டிருக்கவே வேணாம், தலைவரே. எல்லாரையும் கேட்டீங்க, எங்க ரெண்டு பேரைத் தவிர எல்லாரும் சரின்னாங்க, அப்பவும் என் பிள்ளை போச்சு. பயந்தவர் கத்தறதைத் தடுக்கறது உங்க கையில இல்லாத விஷயம்னு நீங்க நினைச்சுப் பார்த்திருந்தா போதும்."

மேட்டுக்குக் கீழே, எருமைகள் தங்கள் தடத்தில் வரிசையாகக் குளத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தன.

ஊரைச் சீராக வைக்கச் சட்டம் போடும் அதிகாரம் சபைக்கு உண்டு. ஆனால் யாரிடமிருந்தும் எடுக்க மாட்டோம் என்று எல்லாரும் சேர்ந்து வாக்குக் கொடுத்த ஒன்றை, எத்தனை கை உயர்ந்தாலும் எந்தச் சபையும் எடுக்க முடியாது.